வியாழக்கிழமைக் கொப்பி

எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் கலீலுர் றஹ்மானால் அதை வாசிக்காமல் விட முடியாது. வடை சுற்றி வந்த தாளை எண்ணெய் துடைத்து வாசிப்பார். மருந்துக் குளிசைப் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய கடதாசியை விரித்து, விளங்குகிறதோ இல்லையோ, கடைசி வரி வரை கண்ணை ஓட்டுவார். "இதையெல்லாம் வாசிச்சு என்ன சோதினை எழுதப் போறீங்களா?" என்று மனைவி நஜ்முன் நிஸா கேட்டால், "ஒருத்தன் மெனக்கெட்டு எழுதியிரிக்கான். வாசிக்காம விட்டா அவன்ட மனம் நோகாதா?" என்பார்.

துறைமுகத்தில் ஒரு தனியார் கம்பெனியின் இறங்குதுறையில் இருபத்தோரு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவர் அவர். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வந்து, இரும்பு ஏணியில் எண்பத்தாறு படி ஏறிக் கண்ணாடிக் கெபினுக்குள் உட்கார்ந்தால், வேலை முடியும்வரை தரையோடு அவருக்குள்ள தொடர்பு ஒரு வோக்கிடோக்கி மட்டும்தான். கதிரைக்குப் பின்னால் ஒரு பழைய பள்ளிக்கூட அட்லஸ் செருகியிருக்கும். வந்து கட்டுகிற ஒவ்வொரு கப்பலின் பின்புறத்திலும் அது பதிவான ஊரின் பெயர் இங்கிலீசில் இருக்கும். அதை எழுத்தெழுத்தாகக் கூட்டி, அட்லஸில் தேடிப் பிடித்து, பென்சிலால் வட்டம் போட்ட பிறகுதான் முதல் பாரத்தைத் தூக்குவார். இங்கிலீசு எழுத்து அவருக்குப் பிடிபட்டதே அப்படித்தான். மஜூரோவைக் கண்டுபிடிக்க மூன்று நாள் எடுத்தது. பசிபிக் கடலின் நடுவே, ஈ இருந்துவிட்டுப் போன அடையாளம் மாதிரி ஒரு புள்ளி.

கீழே நின்று கைகாட்டிப் பாரத்துக்கு வழி சொல்கிற, அவரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடுகிற அருளம்பலத்துக்கும் இந்தச் சங்கதி பழகிப்போயிருந்தது.

"நானா, இண்டைக்கு எந்த ஊர்க் கப்பல்?"

"வலெட்டா. மோல்டா தேசம்."

"அங்க ஆக்கள் இருக்கினமோ?"

"கப்பல் இரிக்கெண்டா ஆள் இராதா, அருள்?"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. எங்கட ஒபிசிலயும்தான் கதிரை இருக்கு."

அந்த ஒபிசிலிருந்துதான், ஜூன் மாதம் கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்த ஒரு வியாழக்கிழமை, ஒரு தாள் வந்தது. வேறெங்கோ ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் கெபினுக்குள்ளேயே மயங்கி விழுந்தாராம். அதனால் இங்கே எல்லோரும் 'மருத்துவத் தகவலுக்கான சம்மதப் பத்திரம்' ஒன்றில் கையெழுத்து வைக்கவேண்டுமாம். முன்பக்கம் சிங்களம், பின்பக்கம் தமிழ். வேலை முடிந்து வரிசையில் நின்றவர்கள் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் நிற்பவரின் முதுகுதான் மேசை. வைத்தார்கள் கையெழுத்தை, போனார்கள். அருளம்பலம் தன் முதுகைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கெதியா வையுங்கோ நானா. பேனை கூசுது."

கலீலுர் றஹ்மான் வாசித்துக்கொண்டிருந்தார். நாலாவது பந்தியில் நின்றுவிட்டார். 'எந்தவொரு வைத்தியர், வைத்தியசாலை அல்லது மருந்தகத்திடமும் உள்ள எனது கடந்தகால, நிகழ்கால, எதிர்கால மருத்துவப் பதிவுகள் அனைத்தையும், கம்பெனியும் கம்பெனி அதிகாரமளிக்கும் எவரும் பெறவும், பிரதியெடுக்கவும், வைத்திருக்கவும் இத்தால் சம்மதிக்கிறேன்.' அதற்குக் கீழே, ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் எழுதி நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடும் கிளினிக் கொப்பி உள்ளவர்கள் அதையும் இணைக்கவும் என்று ஒரு வரி. அதற்கும் கீழே 'குறிப்பு' என்று போட்டு வெறும் கோடு.

இன்னும் வராத நோய் வருத்தத்துக்கு இப்போதே எப்படிக் கையெழுத்து வைப்பது? அவருக்கு முதலில் தோன்றியது அந்தக் கேள்விதான். பயம் அதற்குப் பின்னால் வந்தது.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே ஒபிசுக்குப் போனார். ஆளணி விவகாரம் பார்க்கிற இராகுலன் முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை, நல்ல பிள்ளை.

"சேர், கம்பெனி அதிகாரமளிக்கும் எவரும் எண்டு இரிக்கு. எவரும் எண்டா ஆரு?"

இராகுலன் தாளை வாங்கிப் பார்த்தான். அந்த வரியை அவனும் அன்றைக்குத்தான் முதல் தடவை வாசிக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

"இன்சூரன்ஸ் ஆக்களா இருக்கும், நானா."

"இருக்குமா, இரிக்கா?"

"கொழும்பில கேட்டுத்தான் சொல்லோணும்."

"எதிர்காலம் எண்டா எது வரைக்கும்? நான் பென்சன் போய், மௌத்தாகி, கபுறுக்குள்ள கிடக்கக்குள்ளயும் கம்பெனி வந்து பிரஷர் பாக்குமா?"

இராகுலன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான். "நானா, நூற்றுப் பதினாறு பேர் வைச்சிட்டினம். நீங்கள் ஒராள்தான் மிச்சம். திங்கட்கிழமை கம்பெனி டொக்டர் வாறா. அண்டைக்குள்ள தராட்டி உங்களைக் கெபினுக்கு ஏத்த ஏலாது. கீழ யார்ட்டிலதான் போடுவினம். இது நான் சொல்றேல்ல, மேல இருந்து வந்தது."

மேலேயிருந்து வருகிற எதுவும் தன் தலைக்கு மேலால்தான் வரவேண்டும் என்று இருபத்தோரு வருஷம் நினைத்திருந்த மனிதர் வெளியே வந்தார்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் லீவு எழுதுகிற புஸ்பராணி இருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் மிச்சமுள்ள மனுசி. கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இருங்கோ கலீல்" என்று வாங்கைக் காட்டினார்.

"கொப்பிதானே யோசினை?"

"என்ன கொப்பி, மிஸ்?"

"எனக்கே கதை விடுறியளோ? செவ்வாய் சீனிக் கிளினிக். புதன் பிரஷர். வெள்ளி கண். முப்பது வருசமா இந்த மேசையில லீவுத் துண்டு எழுதுறன், கிழமையைப் பாத்தாலே ஆருக்கு என்ன வருத்தம் எண்டு தெரியும். நீங்கள் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வியாழக்கிழமை அரைநாள் எடுக்கிறியள்."

கலீலுர் றஹ்மானின் காது சூடாகிவிட்டது. வியாழக்கிழமை மனநோய்க் கிளினிக்.

"ஆரிட்டயும்..."

"காரணம் எண்ட இடத்தில 'கிளினிக்' எண்டு மட்டுந்தான் எழுதுவன். எல்லாருக்கும் அப்பிடித்தான். என்ர வாயில இருந்து ஒரு சொல் போகாது. ஆனா கொப்பி இல்லையெண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. பன்னிரண்டு வருசத்து லீவுத் துண்டு இந்த அலுமாரிக்குள்ள கிடக்குது."

அவர் எழும்பினார். பிறகு, எந்த நிலையிலும் விடாத அந்தக் குணம் அவரைத் திரும்ப உட்கார வைத்தது.

"மிஸ், அந்தக் குறிப்பு எண்ட கோட்டில ஆராவது என்னமும் எழுதினாங்களா?"

"ஒராள் எழுதியிருக்கு. 'இப்ப தும்மல் தடிமன் சுகம்' எண்டு."

பாலத்தில் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் கொப்பி அவருடையதுதான். மேலட்டையில் அவருடைய பெயர்தான் பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே இருந்த வருத்தம் அவருடையதில்லை. அது அவருடைய தங்கை றுமானாவுடையது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் றுமானாவின் இளைய மகன் மூன்று வயதில் காய்ச்சலில் மௌத்தாகிப் போனான். கணவன் நௌபர் கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பது நாள் கழித்து அவளுக்கு நித்திரை போனது. பிறகு கிணற்றடியில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பகலிலும் எழும்பிப் போக ஆரம்பித்தாள். மனநோய்க் கிளினிக்குக்குப் போனாள் என்று ஊரில் கதை வந்தால் மூத்தவள் மின்ஹாவை நாளைக்கு யார் கலியாணத்துக்கு எடுப்பார் என்று அவர்களுடைய உம்மா அழுதார். கலீலுர் றஹ்மான்தான் வழி கண்டுபிடித்தார். தானே கிளினிக்குக்குப் போனார். தன் பெயரைக் கொடுத்துக் கொப்பி போட்டார். தங்கைக்கு இருந்ததையெல்லாம் தனக்கு இருப்பதாகச் சொன்னார். குளிசை கிடைத்தது. அவளுக்குச் சுகமும் கிடைத்தது.

அன்றிலிருந்து அதுவே வழமை. கிளினிக்குக்கு முந்தின புதன்கிழமை பின்னேரம் றுமானா வீட்டுக்குப் போவார். "நித்திரை எப்பிடி? சாப்பாடு? அந்தச் சத்தம்?" என்று கேட்டு மனதில் பதித்துக்கொள்வார். வியாழக்கிழமை விடிய ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசைக்காக வாங்கில் அடுக்கி வைத்திருக்கும் கொப்பிகளின் அடியில் தன்னுடையதையும் வைத்துவிட்டு, பெயர் கூப்பிட்டதும் போய் றுமானாவாக இருந்துவிட்டு வருவார். டொக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு சொல் பிசகாமல் அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். நேரத்துக்குப் படுக்கச் சொன்னார், படுத்தாள். நடக்கச் சொன்னார், நடந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் உப்பைக் குறைக்கச் சொன்னார். அன்றோடு அவள் கறியில் உப்பு நின்றது. அவள் வீட்டில் சாப்பிட நேர்ந்தால் அவர்தான் பாவம், உப்புப் போத்தலைத் தேடுவார்.

கையெழுத்து வைத்தால் கொப்பியும் போகும். குரல் கேட்கிற ஒரு மனிதனை எந்தக் கம்பெனி கெபினில் ஏற்றும்? உண்மையைச் சொன்னால் தங்கையின் கதை ஒபிஸ் முழுக்க நாறும். இரண்டும் செய்யாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து தரை. அட்லஸைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்று அண்ணாந்து பார்க்கவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொப்பியைத் திறந்தார். காணுகிற தாளையெல்லாம் வாசிக்கிற மனிதர் இந்த ஒன்றை மட்டும் பன்னிரண்டு வருஷமாக வாசித்ததில்லை. டொக்டர்மாரின் இங்கிலீசு கோழி கிளறிய நிலம் மாதிரி இருக்கும் என்பது ஒரு காரணம். தன் பெயரில் இருக்கிற அந்த வேறு ஆளைப் பார்க்க ஒரு கூச்சம் இருந்தது என்பது மற்றது. இது மூன்றாவது கொப்பி. முதல் இரண்டையும் அதோடு சேர்த்து ஒட்டியிருந்தார். மகளின் பள்ளிக்கூட அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கப்பல் பெயர் கூட்டுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். பள்ளிவாசலில் பின்னேர அஸர் பாங்கு சொல்வதற்குள் ஒன்பது சொல் பிடிபட்டது. 'குரல்கள்' என்பது ஒன்று. 'கடல்' ஒன்று. 'அழுகிறார்' ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் இரண்டு இலக்கங்கள் கோடு போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் நிறை. அவற்றுக்கு அகராதி தேவைப்படவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் கொப்பியோடு றுமானா வீட்டுக்குப் போனார். அவள் தையல் மெசினில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளுக்குக் கொலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நானா, இண்டைக்குச் சனிக்கிழமைதானே? நித்திரை நல்லம், சாப்பாடு நல்லம், சத்தம் இல்ல. எழுதிக்கோங்க."

அவர் கதையைச் சொன்னார். தாளையும் காட்டினார். அவள் மெசினை நிறுத்தவில்லை. அவர் சொல்லி முடிக்க ஒரு கொலர் முடிந்தது.

"நீ ஒண்டும் யோசிக்காத புள்ள. உன்ட கதை என்ட வாயால வராது. கீழ யார்ட்டில நிண்டா என்ன, அதுவும் வேலைதானே."

"அப்ப என்னத்துக்கு வந்தீங்க?"

"உன்னட்ட ஒரு சொல் கேப்பமெண்டு."

றுமானா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கேக்கிறதெண்டா பன்னிரண்டு வருசத்துக்கு முன்னாடியெல்லா கேட்டிருக்கோணும், நானா."

"என்ன செல்றாய்?"

"அண்டைக்கு நீங்களும் உம்மாவும் குசினிக்குள்ள நிண்டு குசுகுசுத்தீங்க. மறுகா நீங்க போனீங்க, குளிசையோட வந்தீங்க. 'றுமானா, டொக்டரிட்டப் போவமா?' எண்டு ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. என்ட வருத்தத்தத் தூக்கி உங்கட பேரில எழுதிட்டு வந்தீங்க. தியாகம் எண்டு நினைச்சிரிப்பீங்க."

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு கிளினிக் வியாழக்கிழமையும், வரிசையில் நிற்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக.

"மானம் போயிருமெண்டு..."

"ஆர்ட மானம்? கட்டாரில இரிக்கிற இவருக்கு நான் போனில செல்லி ஏழு வருசம். மின்ஹாக்கும் தெரியும். தெரியாதெண்டு நினைச்சிக்கிட்டு ஒளிச்சிக்கிட்டுத் திரியிறது நீங்க ஒராள்தான்."

றுமானா கையை நீட்டினாள்.

"கொப்பியத் தாங்க. அதில என்னைப் பத்தி என்ன எழுதியிரிக்கெண்டு நான் ஒரு நாளும் பாக்கல்லயே."

இருவரும் மெசின் பலகையில் கொப்பியை விரித்தார்கள். அவர் கண்டுபிடித்த சொற்களைக் காட்டினார். நிறை என்ற இடத்தில் எண்பத்துநாலு கிலோ என்று கண்டதும் அவள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ட அல்லாஹ்! மெலிஞ்சிட்டன், சாப்பாடு இறங்குதில்ல எண்டு அண்டைக்குச் செல்லி அனுப்பினன். நீங்க இந்த வயித்தோட போய் நிண்டு மெலிஞ்சிட்டன் எண்டா சென்னீங்க?"

"சென்னன். டொக்டர் கொஞ்ச நேரம் என்னைப் பாத்திட்டு எழுதினார்."

அவள் கண்ணீர் வரச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு அவள் விரல் ஒரு சொல்லில் நின்றது.

"இது என்ன?"

"கடல். கடலுக்குள்ள இருந்து ஆரோ கூப்பிடுற மாதிரிக் கேக்குது எண்டு சென்னன். கிணத்தடி எண்டு சென்னா பொம்புளட கதையெண்டு பிடிச்சிருவாங்களோ எண்டு பயந்து மாத்திட்டன். ஹாபரில வேலை செய்றவனுக்குக் கடல் சரிதானே."

"அது கிணறு, நானா. கடலெண்டா வேற." அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "ஆரோ இல்ல. என்ட சின்னவன்தான் கூப்பிட்டான். தண்ணி ஊத்தச் செல்லி. நீங்க கேக்கல்ல, நானும் செல்லல்ல."

வெளியே முச்சக்கர வண்டியொன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. உலகத்தில் எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மனிதர், கூப்பிடுவது யார் என்று தங்கையிடம் பன்னிரண்டு வருஷம் கேட்டதே இல்லை.

அவள் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டாள். "கம்பெனி டொக்டர் எண்டைக்கு வருவார்?"

"திங்கட்கிழமை. பொம்புள டொக்டர்."

"நான் வாறன். என்ட கதைய நான்தான் செல்லுவன். ஒபிசில இல்ல. டொக்டரிட்ட மட்டும்."

திங்கட்கிழமை காலை றுமானா பஸ்சில் துறைமுகத்துக்கு வந்து இறங்கினாள். ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மேசை, இரண்டு கதிரை, நிறை பார்க்கிற தராசு. டொக்டர் லோஜினிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அண்ணனும் தங்கையும் சேர்ந்து உள்ளே வந்ததைப் பார்த்து, "ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டார்.

"அது கொஞ்சம் சிக்கல், டொக்டர்" என்றார் கலீலுர் றஹ்மான்.

றுமானா உட்காரவில்லை. "டொக்டர், முதல்ல ஒண்டு கேக்கோணும். நான் இங்க செல்றது எங்கெங்க போகும்? நீங்க கம்பெனிட ஆள்தானே."

டொக்டர் பேனையை வைத்தார். இப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது.

"சம்பளம் கம்பெனிதான் தருது. ஆனா நான் கம்பெனிக்கு எழுதுறது ஒரு வரிதான். இவர் இந்த வேலைக்குத் தகுதி, இல்லாட்டி இன்ன நிபந்தனையோட தகுதி, இல்லாட்டித் தகுதி இல்லை. ஏன் எண்டு எழுத மாட்டன். நீங்கள் கம்பெனி ஆளே இல்லை. உங்கட பேரே இந்த அறையை விட்டுப் போகாது."

"அந்தத் தாளில எல்லாம் எடுக்கலாம் எண்டு இரிக்கே?"

"அந்தத் தாளை எழுதினது நானில்லை, அம்மா. என்னட்டக் கேட்டிருந்தா அப்பிடி எழுத விட்டிருக்க மாட்டன்."

றுமானா உட்கார்ந்தாள். கிணற்றிலிருந்து தொடங்கினாள். அண்ணன் அங்கே இருக்கிறார் என்பதையே மறந்தவள்போலச் சொன்னாள். அவர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டு முடித்த டொக்டர் கொப்பியைப் புரட்டினார். "பன்னிரண்டு வருசமா ஒருத்தரும் உங்களைப் பாக்காம உங்களுக்கு மருந்து தந்திருக்கினம். ரத்தம் சோதிக்கிறதெண்டா இவரிட்டத்தான் எடுத்திருப்பினம். ஏதாவது நடந்திருந்தா?" குரல் கடுமையாக இருந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "சரி. இனி இவ தன்ர பேரில கொப்பி போடோணும். நான் கடிதம் தாறன். கையை நீட்டுங்கோ, பிரஷர் பாப்பம்."

றுமானாவின் பிரஷர் நூற்றுப்பத்துக்கு எழுபது. டொக்டர் ஏதோ யோசித்துவிட்டு, "நீங்களும் நீட்டுங்கோ" என்றார். கருவியின் பட்டியை ஒரு தரம் கழற்றி மறுபடி சுற்றி, இன்னொரு தரம் பார்த்தார். பிறகு கொப்பியின் பக்க மூலைகளில் இருந்த இலக்கங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"இந்தக் கொப்பியில உங்களுக்குச் சொந்தமா இருந்தது ரெண்டு விசயம். நிறையும் பிரஷரும். நாலு வருசமா ரெண்டும் ஏறிக்கொண்டு போகுது. இஞ்ச எழுதியிருக்கே, உப்பைக் குறைக்கச் சொன்னது எண்டு. குறைச்சனீங்களோ?"

கலீலுர் றஹ்மான் தங்கையைப் பார்த்தார். றுமானா அண்ணனைப் பார்த்தாள்.

"குறைச்சது நான், டொக்டர்" என்றாள் அவள் மெதுவாக. "நாலு வருசமா உப்பில்லாமத் தின்னுறன்." பிறகு குரல் ஏறியது. "நானா! பாறை மீனைக்கூட உப்பில்லாமத் தின்னன்! நீங்க என்ட வீட்டுக்கு வந்து உப்புப் போத்தல் எங்கெண்டு கேட்டீங்க!"

டொக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அது இருமல்தானா என்று தெரியவில்லை.

கம்பெனிக்குப் போன தாளில் ஒரு வரிதான் இருந்தது: 'நிபந்தனையோடு தகுதி, ஒரு மாதம் தரையில் வேலை, பின் மீள்பரிசோதனை.' சம்மதப் பத்திரத்தையும் கலீலுர் றஹ்மான் அன்றைக்கே கொடுத்தார். நாலாவது பந்தியைக் கோடு கிழித்து வெட்டியிருந்தார். குறிப்பு என்ற கோட்டில், இடம் போதாமல் ஓரத்திலும் இறங்கி, இப்படி எழுதியிருந்தார்: 'கிரேன் ஓட்ட எனக்கு ஏலுமா ஏலாதா என்பதை மட்டும் கம்பெனி டொக்டரிடம் கேட்கலாம். வேறு எது வேண்டுமென்றாலும் முதலில் என்னிடம் கேட்கவேண்டும். இது ஒரு வருஷத்துக்கு.' அதன் கீழே கையெழுத்து.

இராகுலன் அதை இரண்டு தரம் வாசித்தான். "இதைக் கொழும்பு ஏற்குமோ தெரியாது, நானா."

"அனுப்பிப் பாருங்க. அவங்களும் ஒருக்கா வாசிக்கட்டும்."

கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. கிரேனில் ஏறாதே என்றும் வரவில்லை. அந்த மாதத்துக்குள் ஒன்பது பேர் புஸ்பராணியின் மேசைக்கு வந்து, தாங்கள் கையெழுத்து வைத்த தாளை ஒருக்காப் பார்க்கலாமா என்று கேட்டார்களாம். ஒன்பதாவது ஆள் அருளம்பலம். அவருக்குக் குறிப்பு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பார்க்கத்தான் ஆசையாக இருந்ததாம்.

தரையில் நின்ற அந்த மாதம் முழுக்கக் கலீலுர் றஹ்மான் கைகாட்டினார். அவருக்குப் பதிலாகக் கிரேன் ஓட்டியவனிடம் கப்பல் எந்த ஊர் என்று கேட்டால், "தெரியா நானா, பெரிய கப்பல்" என்பான். புதன்கிழமை ஒன்றில் அரைநாள் லீவு போட்டார். புஸ்பராணி கிழமையைப் பார்த்தார், அவருடைய முகத்தைப் பார்த்தார், காரணம் என்ற இடத்தில் 'கிளினிக்' என்று எழுதினார். மாதக் கடைசியில் பிரஷர் இறங்கியிருந்தது. எண்பத்தாறு படியும் ஏறினார். மேலே அட்லஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்குக் கட்டியிருந்த கப்பல் மன்றோவியா. பழைய வட்டம்தான், ஆனாலும் பென்சிலால் இன்னொரு தரம் சுற்றினார்.

றுமானா அதற்கிடையில் ஒரு வியாழக்கிழமை தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் அவள் வீட்டுக்குப் போனார். புதுக் கொப்பி மெசின் பலகையில், பாதி தைத்த சட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"டொக்டர் என்ன கேட்டார்?"

"என்னென்னமோ கேட்டார்."

"நீ என்ன சென்னாய்?"

"கேட்டதுக்குச் சென்னன்." றுமானா எழும்பினாள். "இரிங்க, சோறு போடுறன். உங்களுக்கு உப்பில்லாமத் தனியா ஆக்கியிரிக்கு."

அவள் குசினிக்குள் போனாள். சட்டி பானை உருளும் சத்தம் கேட்டது. கொப்பி அவர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. மின்விசிறிக் காற்றில் மேலட்டை கொஞ்சம் எழும்புவதும் படுப்பதுமாக இருந்தது. உள்ளே மையெழுத்து தெரிந்தது. புது டொக்டர், எழுத்து தெளிவாக இருக்கும்போல் தெரிந்தது. கிணறு என்பதற்கு இங்கிலீசு என்ன எழுதியிருப்பார்கள்? மூன்று எழுத்தா, நாலா? கலீலுர் றஹ்மான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பி, மெசினில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து மேலட்டை மீது பாரமாக வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

றுமானா சோற்றுப் பீங்கானோடு வந்தவள் கத்தரிக்கோலைக் கண்டாள்.

"வாசிச்சீங்களா?"

"இல்ல."

"பொய்."

"வல்லாஹி, இல்ல. அட்டைய மட்டுந்தான் வாசிச்சன்."

"அட்டையில என்ன இரிக்கு வாசிக்க?"

"உன்ட பேர்" என்றார்.